ஓட்டை போட்ட இரும்பு

ராஜபாளையத்திலயோ ஸ்ரீவில்லிபுத்தூர்லயோ எந்தக் கடைக்கு வேணா போங்க. மருந்துக்கடை, மளிகைக்கடை, நூல் கமிஷன் கடை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை, எதுவானாலும் சரி. கடைக்காரர் முதுகுக்குப் பின்னாடி ஒண்ணு நிக்கும். நாலு இரும்புக் கால், காலில் மேலிருந்து கீழ் வரைக்கும் வரிசையா ஓட்டை, நடுவில் அஞ்சாறு தகடு, நட்டு போல்ட்டு. ஆங்கிள் ரேக்.

"இதுக்கெல்லாம் ஒரு பதிவாய்யா?"ன்னு கேக்குறது காதுல விழுது. கொஞ்சம் பொறுங்க. அந்த ஓட்டைக்குப் பின்னாடி லிவர்பூல் குமாஸ்தா ஒருத்தர், சீர்காழிக் கணக்கு வாத்தியார் ஒருத்தர், லண்டன் அச்சகக்காரர் ஒருத்தர்னு மூணு பேர் இருக்காங்க. நம்ம பக்கத்து அச்சாபீஸ்களோட கதையும் அதுல கலந்து கிடக்கு.

முதல்ல வார்த்தைகள். பொருளைச் சேர்த்து வைக்க நம்ம வீடுகளில் இருந்தது பரண், மாடம், உறி, குதிர், பத்தாயம். அலமாரி போர்த்துக்கீசியர் கொண்டு வந்த சொல். பீரோ பிரெஞ்சுச் சொல். ரேக் ஆங்கிலம். ஆளுக்கு ஒரு மரச்சாமானைக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. 1923-ல் காட்ரேஜ் கம்பெனி இரும்பு அலமாரி செய்ய ஆரம்பிச்ச பிறகு "காட்ரேஜ் பீரோ" என்பது கல்யாணச் சீர் வரிசையில் இடம் பிடித்தது. ஆனால் பரணிலிருந்து பழைய மர அலமாரி வரைக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. தட்டு எங்கே அடிச்சாங்களோ அங்கேயேதான் இருக்கும். பொருள்தான் தட்டுக்கு ஏற்ப அடங்கிப் போகணும்.

இதுக்கு நேர் உதாரணம் நம்ம அஞ்சறைப் பெட்டி. பழைய மரப்பெட்டியில் அறைகள் கடைந்து வெச்சது, மாத்த முடியாது. எவர்சில்வர் வந்த பிறகு வட்டப் பெட்டிக்குள்ள தனித்தனிக் கிண்ணம். கடுகு கிண்ணத்தைத் தூக்கி வெளிய வைக்கலாம், கழுவலாம், ரெண்டு கிண்ணத்தை எடுத்துட்டுப் பெரிசா ஒண்ணு வைக்கலாம். பெட்டி ஒண்ணு, அறை வேற. நான் சொல்ல வர்ற மொத்த சமாச்சாரமும் இவ்வளவுதான். கூட்டையும் உள்ளிருக்கும் தட்டையும் பிரிச்சு வைக்கிறது.

நூலகங்களிலும் ரொம்ப காலம் கடைந்த மரப்பெட்டிக் கதைதான். இங்கிலாந்தில் 17-ம் நூற்றாண்டில் சர் ராபர்ட் காட்டன் என்பவர் பழைய கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்து வெச்சிருந்தார். பெரும்பாலான அலமாரிகள் மேல ஒரு ரோமானியச் சக்கரவர்த்தியின் மார்பளவுச் சிலை. நீரோ அலமாரி, வெஸ்பாசியன் அலமாரி இப்படி. புத்தகத்தோட அடையாளமே அது இருக்கும் இடம்தான். பழைய ஆங்கிலத்தின் பெருங்காவியமான பேவுல்ஃப் இருக்கும் பிரதிக்குப் பெயர் "விட்டெலியஸ் ஏ 15". அதாவது விட்டெலியஸ் சிலை இருக்கும் அலமாரி, முதல் தட்டு, பதினஞ்சாவது புத்தகம். அந்த அலமாரி போய் முந்நூறு வருஷம் ஆகப் போகுது. புத்தகம் இப்போ பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கு. பெயர் மட்டும் இன்னும் அதேதான். இடம் மாறிடுச்சு, விலாசம் மாறல!

இந்த முறையில் புதுப் புத்தகம் வந்தா எங்க வைப்பீங்க? கடைசியில்தான். ஒரே பொருளைப் பத்தின ரெண்டு புத்தகம் பத்து வருஷ இடைவெளியில் வாங்கினா ரெண்டும் வேற வேற அறையில் கிடக்கும். 1876-ல் அமெரிக்காவில் மெல்வில் டூயி தன்னோட தசம முறையை வெளியிட்டு இந்த முடிச்சை அவிழ்த்தார். எண் புத்தகத்தின் பொருளுக்கு, தட்டுக்கு இல்லை. புத்தகங்கள் நகரலாம், வரிசை மட்டும் மாறக்கூடாது. 

சரி, புத்தகம் நகரணும்னா தட்டும் நகரணுமே? பெரிய புத்தகம் வந்தா தட்டை ரெண்டு அங்குலம் ஏத்தணும். 1897-ல் திறந்த வாஷிங்டன் காங்கிரஸ் நூலகக் கட்டடத்தில் பெர்னார்ட் கிரீன் என்ற பொறியாளர் இரும்பில் அடுக்கடுக்காக ரேக் நிறுத்தி, தட்டுகளை ஏத்தி இறக்குற மாதிரி செய்தார். ஆக, எண் இளகினதும் இரும்பும் இளக வேண்டி வந்தது.

இப்போ நம்ம சீர்காழிக்காரர். எஸ். ஆர். ரங்கநாதன், 1892-ல் பிறந்தவர், கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். அந்த வருஷமே நூலகப் படிப்புக்காக லண்டன் போனார். அங்க செல்ஃப்ரிட்ஜ் என்ற பெரிய கடையில் ஒரு பொம்மை விற்பனையாளர் வேடிக்கை காட்டிக்கிட்டு இருந்தார். ஓட்டை போட்ட தகட்டுப் பட்டைகள், கம்பிகள், சக்கரங்கள், நட்டு போல்ட்டு. அதே துண்டுகளை வெச்சு ஒரு பொம்மை செய்வார், பிரிப்பார், வேற ஒண்ணு செய்வார். 

அந்தப் பொம்மைக்குப் பெயர் மெக்கானோ. லிவர்பூலில் இறைச்சி இறக்குமதிக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த ஃபிராங்க் ஹார்ன்பி, தன் பிள்ளைகளுக்காக வீட்டில் தகடு வெட்டிச் செய்து, 1901-ல் காப்புரிமை வாங்கினது. அதோட உயிர்நாடி ஒரு எளிய விதி. எந்தப் பட்டையா இருந்தாலும் ஓட்டைக்கு ஓட்டை சரியா அரை அங்குலம். அதனால எந்தத் துண்டும் எந்தத் துண்டோடயும் சேரும். பெரிய துண்டு, சின்னத் துண்டு பேதமே கிடையாது.

ரங்கநாதனுக்கு அங்கே பொறி தட்டியது. டூயி முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் எண் முன்கூட்டியே எழுதி வெச்சாச்சு. பட்டியலில் இல்லாத புதுப் பொருள் வந்தா திண்டாட்டம். அதுக்குப் பதிலா, சின்னச் சின்னத் துண்டுகளை மட்டும் வெச்சுக்கிட்டு, தேவைப்படும்போது இணைத்தால்? "நெல்", "நோய்", "தடுப்பு", "தமிழ்நாடு" இவை தனித்தனித் துண்டு. நாலையும் சேர்த்தா ஒரு புத்தகத்துக்கான எண். ஒண்ணை எடுத்து "கரும்பு" வெச்சா இன்னொரு புத்தகம். துண்டுகளை இணைக்கும் நட்டு போல்ட்டாக அவர் வெச்சது முக்காற்புள்ளி, அதாவது கோலன் குறி. 1933-ல் வந்த அந்த வகைப்பாட்டுக்கு கோலன் வகைப்பாடு என்றே பெயர். ஒரு தமிழர் உலக நூலக இயலுக்குக் கொடுத்த மிகப் பெரிய கொடை ஓட்டை போட்ட தகட்டிலிருந்து வந்தது!

1931-ல் அவர் எழுதின ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளரும் உயிர் என்பது. படிக்க தத்துவம் மாதிரி இருக்கும். கணக்கு வாத்தியார் சொன்னது என்பதை மறக்காதீங்க. புத்தகம் வளரும், வாசகர் வளருவார், அதனால கட்டடமும் தட்டும் வளரத் தோதா இருக்கணும் என்பது அதில் அடக்கம். பூட்டின கண்ணாடி அலமாரிகளை அவர் எதிர்த்தார். வாசகர் தானே போய் எடுக்கிற திறந்த அடுக்கைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொண்டு வந்தார். 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்ததில் அவருடைய உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நம்ம ஊர்க் கிளை நூலகங்களுக்கெல்லாம் வேர் அந்தச் சட்டம்தான். ராஜபாளையத்துக்குத் தனிப் பெருமையும் உண்டு. சென்னை மாகாண முதல்வராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டையே கொடுத்து உண்டாக்கின காந்தி கலை மன்றமும் அதன் நூலகமும் இந்த ஊரில்தான்.

மூணாவது ஆள் டிமெட்ரியஸ் கொமினோ. கிரேக்க வம்சாவளி, ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், லண்டனில் அச்சகம் வெச்சிருந்தார். அச்சகத்தில் எப்பவும் தகராறு தட்டுக்குத்தான். காகிதம் ஒரு அளவில் வரும்னு மர ரேக் அடிப்பாங்க. அடுத்த வேலைக்கு வேற அளவு. ரேக்கை உடைச்சு அடுப்புக்குப் போட வேண்டியது, மறுபடி ஆசாரியைக் கூப்பிட வேண்டியது. இந்த விரயம் கொமினோவை உறுத்திச்சு. இரும்புத் தகட்டை "ட" வடிவில் மடக்கி, ரெண்டு பக்கமும் நீள்வட்ட ஓட்டை போட்டு, வேண்டிய நீளத்துக்கு வெட்டி, போல்ட்டு போட்டு முடுக்கினா ரேக். வேண்டாட்டி கழட்டு. 1947-ல் டெக்ஸியன் என்ற கம்பெனி ஆரம்பிச்சு இதை விக்க ஆரம்பிச்சார். சுருக்கமா சொன்னா, பெரியவங்களுக்கான மெக்கானோ. நம்ம கடைகளில் நிக்கிற ஸ்லாட்டட் ஆங்கிள் இந்த வம்சம்தான்.

ஓட்டை ஏன் வட்டமா இல்லாம நீளமா இருக்கு? வட்ட ஓட்டைன்னா ரெண்டு துண்டும் மயிரிழை பிசகாமப் பொருந்தணும். நீள ஓட்டையில் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்திக்கலாம். சுவர் கோணல், தரை கோணல், வெட்டினவர் கை கோணல் எல்லாத்தையும் அந்த நீளம் பொறுத்துக்கும். 

அடுத்தது தகடு. ரேக் தட்டுக்குப் பெரும்பாலும் 20, 22 கேஜ் தகடுதான் போடுவாங்க. ஒரு மில்லிமீட்டர்கூட வராது. காலுக்கு 14 கேஜ், சுமார் 2 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிசான தகடு எப்படி மூட்டை தாங்குது? ஒரு காலண்டர் தாளைக் கையில் நீட்டிப் பிடிங்க, தொங்கிடும். நாலு ஓரத்தையும் அரை அங்குலம் மடக்கிட்டுப் பிடிங்க, நிக்கும். பலம் தகட்டில் பாதி, மடிப்பில் பாதி. பட்டறையில் ஓரத்தை ஒரு மடிப்புக்குப் பதிலா ரெண்டு மடிப்பு மடக்கினா கூடுதல் பலம், கையும் கிழியாது. காசு மிச்சம் பிடிக்கிறேன்னு மடிப்பைக் குறைச்ச ரேக்தான் ரெண்டே வருஷத்தில் நடுவில் வயிறு தள்ளி நிக்கும்.

இன்னொரு விஷயம், சதுரம் சாயும், முக்கோணம் சாயாது. நாலு காலும் நாலு தட்டும் மட்டும் இருந்தா ரேக் ஒரு பக்கமா நெளியும். அதனாலதான் மூலைகளில் முக்கோணத் தகடு போடுறாங்க, பின்னாடி குறுக்குப் பட்டை அடிக்கிறாங்க. ரேக் வாங்கும்போது பெயிண்டைப் பாக்காதீங்க, மூலையைப் பாருங்க.

இப்போ இழுப்புத் தட்டு. நிலையான தட்டில் பின்னாடி இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது. தட்டையே வெளிய இழுத்தா எல்லாம் தெரியும். பேக்கரியில் இருக்கிற டிரே ரேக் இதுக்கு நல்ல மாதிரி. கூட்டுக்குள்ள ரெண்டு பக்கமும் வரிசையா ஆங்கிள் துண்டு. டிரே அதில் வழுக்கிட்டுப் போகும். பன்னுக்கு ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, பிஸ்கட்டுக்கு எல்லா வரிசையும். போல்ட்டுகூடக் கழட்ட வேண்டாம், டிரேயை உருவி மாத்தினா போதும். 

கேக்க சுலபமா இருந்தாலும் செய்யும்போது மூணு சிக்கல் வரும். தட்டு அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருந்து, ஒரு ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா கோணிக்கிட்டு மாட்டும். ஆழம் அகலத்தைவிடக் கூடுதலா இருந்தா நேரா வரும், இல்லாட்டி ரெண்டு கையாலும் இழுக்கணும். அடுத்தது, தட்டு முழுசா வெளிய வந்து காலில் விழாம இருக்கப் பின்னாடி ஒரு தடுப்பு வேணும். மூணாவதுதான் ஆபத்து. பாரமான தட்டு மூணை ஒரே நேரத்தில் இழுத்தா மொத்தக் கூடும் முன்பக்கம் சாயும். அதனால கனமானது கீழே, லேசானது மேலே, கூட்டைச் சுவரோட பிணைக்கணும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதை இன்னைக்கே செய்ங்க.

இழுப்புத் தட்டுக்கு அச்சகம்தான் தாய்வீடு. நம்ம மாவட்டத்துக்கு அது ஒண்ணும் புதுசு இல்லை. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், லேபிளுக்கு அச்சகம் வேணும். அப்படி வளர்ந்த தொழிலின் சாயல் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரை பரவி, ஊருக்கு ஊர் பத்திரிகை, நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் அடிக்கிற சின்ன அச்சாபீஸ்கள் இருந்தன.

அந்த அச்சாபீஸில் எழுத்து இருக்கும் தட்டுக்கு கேஸ்னு பெயர். சின்னச் சின்ன அறைகள் கொண்ட மரத்தட்டு, ரேக்கில் செருகி இழுக்கலாம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துத் தட்டு மேலே, சின்ன எழுத்துத் தட்டு கீழே இருந்ததால வந்ததுதான் "அப்பர் கேஸ்", "லோயர் கேஸ்". கீபோர்டில் தட்டுற நமக்கும் அந்த ரேக்கோட வாசனை இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. கோத்து முடிச்ச எழுத்து வரிகளை வைக்கிற உலோகத் தட்டு கேலி. மூணு பக்கம் விளிம்பு, ஒரு பக்கம் திறப்பு. அதுக்கும் தனி ரேக் உண்டு. கேலி புரூஃப் என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

கேஸில் ஒவ்வொரு அறையும் எழுத்தின் உபயோகத்துக்குத் தக்க அளவு. அடிக்கடி வர்ற எழுத்துக்குப் பெரிய அறை, கைக்கெட்டுற தூரத்தில். எப்பவாவது வர்றதுக்கு மூலையில் சின்ன அறை. தமிழில் உகர, ஊகார எழுத்து ஒவ்வொண்ணுக்கும் தனி அச்சு வேணும் என்பதால் அறைகள் ஏராளம். கம்பாசிட்டர் கண்ணால பார்த்து எடுக்க மாட்டார். விரலுக்குத் தெரியும்.

1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏத்துக்கிச்சு. அவர் 1935-லேயே குடி அரசு இதழில் செய்து காட்டினதுதான். ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகள் வடிவம் மாறின. அச்சு எழுத்தாகப் பார்த்தா ஏழு அச்சுகள் வேலை இழந்தன. மூணு பழைய ஆகார வடிவம், நாலு தும்பிக்கை வெச்ச ஐகார வடிவம். சீர்திருத்தத்தை நாம எப்பவும் மொழி, அரசியல்னு பேசுறோம். கேஸ் பக்கம் நின்னு யோசிச்சுப் பாருங்க. ஏழு அறை சும்மா ஆச்சு. அதே நேரம் "லை" என்பது இப்போ ரெண்டு துண்டு, "னா"வும் ரெண்டு துண்டு. துணைக்காலும் ஐகாரக் கொம்பும் முன்னைவிட வேகமா தீரும். அந்த அறைகளோ பழைய கணக்குக்குச் செஞ்ச அளவு! மொழி நகர்ந்தது, மரம் நகரல. விரல்தான் மறுபடி பழகணும்.

பிறகு ஆஃப்செட் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. கேஸ் தட்டுகள் விறகாச்சு, தப்பிச்ச சிலது சுவரில் மாட்டுற அலங்காரப் பொருளாச்சு. தமிழ் ஈய எழுத்தைத் தவிர வேற எதுக்கும் உதவாத அளவுக்கு அவ்வளவு கச்சிதமா செஞ்சிருந்தாங்க. பக்கத்தில் நின்ன ஆங்கிள் ரேக்குக்கு ஒண்ணும் ஆகல. தட்டை ரெண்டு ஓட்டை இறக்கிக் காகிதக் கட்டை வெச்சாங்க. அவ்வளவுதான்.

இதைப் படிச்சுட்டு "அப்போ மாறக்கூடியதுதான் உசத்தி"ன்னு முடிச்சுடாதீங்க. கேஸ் தட்டு அழிஞ்சபோது ஒரு அறிவும் சேர்ந்து அழிஞ்சது. தமிழில் எந்த எழுத்து எவ்வளவு புழங்குது என்பதற்கு அந்த அறைகளே ஒரு புள்ளிவிவரம். ஆங்கிள் ரேக்கைப் பார்த்து இன்னும் அம்பது வருஷம் கழிச்சு யாரும் எதையும் தெரிஞ்சுக்க முடியாது. எல்லாத்துக்கும் பொருந்துறது எதையும் ஞாபகம் வெச்சுக்காது. அச்சாபீஸ் வெச்சிருந்த குடும்பத்தில் யாராவது இதைப் படிச்சா, மிச்சமிருக்கிற ஒரு கேஸையாவது எந்த அறையில் எந்த எழுத்துன்னு எழுதி, படம் எடுத்து வைங்க. அறையின் பெயர் தெரிஞ்ச கம்பாசிட்டர்கள் நாளுக்கு நாள் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.

அதேபோல லேபிள், காலண்டர் படம், நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோட இந்த மாதிரித் துண்டுக் காகிதங்களையும் சேர்த்து வெச்சார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994-ல் சென்னையில் அது ஆய்வு நூலகமாச்சு. துண்டுக் காகிதம் தன் காலில் நிக்காது. புத்தகத் தட்டில் செருகினா வளையும், மடிப்பில் கிழியும், கட்டிப் பரணில் போட்டா கரையானுக்கு விருந்து. ஆழமில்லாத இழுப்புத் தட்டில் படுக்க வெச்சாதான் பிழைக்கும். ஒரு கூடு, ரெண்டு அங்குல உயரத்தில் பத்துத் தட்டு, ஓரம் ரெட்டை மடிப்பு, உள்ளே கூர்முனை இல்லாமல். எந்தத் தகட்டுப் பட்டறையிலும் அளவு சொன்னா மடக்கித் தருவாங்க. தட்டு இடைவெளியை மட்டும் ஓட்டையில் மாத்திக்கிற மாதிரி கேளுங்க. இன்னைக்கு லேபிள், நாளைக்கு என்ன வரும்னு யாருக்குத் தெரியும்?

கொசுறு: தகட்டுப் பெட்டி பத்தி ஒரு துணுக்கு. 1951-52 முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி ஓட்டுப்பெட்டி. 12 லட்சத்துக்கும் மேலான இரும்புப் பெட்டிகளை பம்பாய் விக்ரோலியில் செய்து கொடுத்தது பீரோ செய்த அதே காட்ரேஜ். அந்தத் தேர்தலில் தோற்றவர்களில் ஒருவர் அப்போதைய முதல்வர், நம்ம ராஜபாளையம் குமாரசாமி ராஜா. முதல்வரா, சாமானியரான்னு தகட்டுப் பெட்டி பேதம் பாக்கல. உங்க ஊர் அச்சாபீஸ் கேஸ் எங்கயாவது கண்ணில் பட்டா பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.